உப்புக்காற்றில் சுடுவது: நாய்க்கான வீட்டுத் தின்பண்டங்கள்

தேநீர்க் கடையின் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பொறையை எடுத்து வாசலில் நிற்கும் நாய்க்குப் போடுவது புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அன்றாட வழக்கம். வீட்டு நாய்க்கு அந்த இடத்தைக் குளுக்கோஸ் பிஸ்கட்டும் மேரி பிஸ்கட்டும் பிடித்துக்கொள்கின்றன. கொடுக்கும் மனம் நல்ல மனம். அதை மாற்றச் சொல்லவில்லை. கொடுக்கும் பண்டம்தான் நாயை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 450 கலோரி இருக்கிறது. எடையில் சுமார் கால் பங்கு சர்க்கரை. நாள் முழுக்கப் பள்ளிக்கும் ஆலைக்கும் நடக்கும் மனிதருக்கு அது ஒரு வாய்த் தீனி. வீட்டுக்குள் கட்டிக்கிடக்கும் பத்து கிலோ நாய்க்கு அது தினமும் சேரும் கொழுப்பு. இந்த அத்தியாயம் அதற்கு மாற்றாக புதுச்சேரியின் உப்பளம் பகுதிச் சமையலறையில் சுடக்கூடியவற்றைச் சொல்கிறது. ஆனால் செய்முறைக்கு முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வீட்டில் சுட்டது என்பதாலேயே எந்தப் பண்டமும் நல்லதாகிவிடாது. என்னென்ன சத்து சேர்க்கலாம் என்றே பெரும்பாலும் யோசிக்கிறோம். வீட்டுப் பண்டத்தின் உண்மையான நன்மை வேறு இரண்டு காரியங்களில் இருக்கிறது: நாய்க்கு ஆகாததை மாவிலேயே சேர்க்காமல் விடுவது, சுட்டதில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கடைசிவரை வெளியேற்றுவது. முதலாவது எல்லா ஊருக்கும் பொது. இரண்டாவது, கிழக்கே கடலும் துறைமுகமும் இருக்க, உப்பனாற்று வாய்க்காலை ஒட்டி வாழும் உப்பளத்துக்காரருக்கு மிக முக்கியம்.

பண்டம் வேறு, சாப்பாடு வேறு

வீட்டில் சுடத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் வரும் ஆசை, பண்டத்தையே சாப்பாடாக்கிவிடலாம் என்பது. கேழ்வரகும் முட்டையும் மீனும் சேர்ந்த உருண்டை, பார்ப்பதற்கு முழு உணவு போலத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆசைக்குக் கடிவாளம் போடுகிறது. நாய்களுக்கான வீட்டுச் சமையல் செய்முறைகள் 200ஐ எடுத்து அவர்கள் கணக்கிட்டார்கள். கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றில் இருந்தன. 95 சதவீதச் செய்முறைகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் குறைந்திருந்தன. படித்தவர்கள் திட்டமிட்டு எழுதிய சாப்பாடே இப்படியென்றால், கைக்கு வந்ததைப் பிசைந்து சுடும் பிஸ்கட் ஒரு நாயைத் தாங்கும் என்று நம்ப இடமில்லை. ஆகவே பண்டத்துக்கு எல்லை வேண்டும். உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் ஊட்டச்சத்து வழிகாட்டுதல், தின்பண்டமும் மேசை மிச்சமும் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கவனிக்க வேண்டிய ஆபத்தாகக் கொள்கிறது. இந்தப் பத்து சதவீதம்தான் இந்த அத்தியாயம் முழுவதற்கும் அளவுகோல்.

அந்த எல்லையை எண்ணாக மாற்றிக்கொள்வது எளிது. கால்நடை மருத்துவர்கள் நாயின் எடையைக் கொண்டு ஓய்வுநிலைத் தேவையைக் கணக்கிட்டு, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை ஏறத்தாழ 1.6ஆல் பெருக்குகிறார்கள். அந்தக் கணக்குப்படி 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 370 கலோரி, 10 கிலோ நாய்க்கு 630, 25 கிலோ நாய்க்கு 1,250 தேவைப்படுகிறது. அதில் பண்டத்தின் பங்கு முறையே 37, 63, 125 கலோரி. கீழே சொல்லப்போகும் கேழ்வரகு பிஸ்கட் ஒன்று மூன்று கிராம் எடையில் சுமார் 11 கலோரி தரும். அப்படியானால் சிறிய நாய்க்கு மூன்று, நடுத்தர நாய்க்கு ஐந்து, பெரிய நாய்க்குப் பதினொன்று என்பது ஒரு நாளின் உச்சம். அதிகம் அசையாத நாய்க்கு அதிலும் குறைக்க வேண்டும். பண்டம் கொடுத்த அளவுக்கு அன்றைய சாப்பாட்டிலும் கழித்துவிட வேண்டும். ‘உட்கார்’, ‘இரு’ என்று பழக்கும்போது பல முறை கொடுக்க வேண்டியிருந்தால், பிஸ்கட்டை நான்காக உடைத்துக் கொடுங்கள். எவ்வளவு பெரிய துண்டு கிடைத்தது என்பதைவிட, சொன்னதைச் செய்த உடனே கிடைத்தது என்பதுதான் நாய்க்கு மனத்தில் பதிகிறது.

மாவில் சேரக் கூடாதவை

விலக்க வேண்டியவற்றில் முதல் இடம் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும். நம் சமையலில் அவை இல்லாத குழம்பு அரிது. அதனாலேயே குழம்பு, பிரியாணி, கறி மிச்சத்தை மாவில் பிசைந்து சுடும் யோசனையைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டும். வெங்காய இனத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் உள்ளே போனாலே ஆபத்து என்பது மருத்துவ நூல்கள் தரும் அளவு. பத்து கிலோ நாய்க்கு அது 50 கிராம், ஒரு சிறிய வெங்காயம். வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் அந்தச் சேர்மங்களின் கெடுதல் போவதில்லை. சோர்வும் வெளுத்த ஈறும் சிவந்த சிறுநீரும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், தின்றதையும் நோயையும் வீட்டில் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

புதுச்சேரிக்குரிய இன்னொரு எச்சரிக்கை பேக்கரியிலிருந்து வருகிறது. ரொட்டியும் கேக்கும் எளிதாகக் கிடைக்கும் ஊர் இது. மிஞ்சியதை நாயோடு பகிர்ந்துகொள்வதும் எளிது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் கருதப்படுகிறது. எவ்வளவு தின்றால் கெடுதல் என்பது நாய்க்கு நாய் மாறுவதால், பாதுகாப்பான அளவு என்று எதையும் குறிக்க முடியாது. சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே கழிக்கிறது. பாதி அளவு கழியவே சுமார் 17 மணி நேரம் ஆகிறது. கறுத்த சாக்லேட்டில் அது அதிகம். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கும் பச்சை மாவை நாய் விழுங்கினால், வயிற்றுச் சூட்டில் மாவு உப்புவதோடு சாராயமும் உருவாகிறது. இரண்டுமே உயிருக்கு ஆபத்து. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கப்படும் இனிப்புகளிலும் கடலை வெண்ணெயிலும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று உறையைப் படித்துப் பாருங்கள். கிலோ எடைக்கு 0.1 கிராம் சைலிட்டாலே நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். அளவு கூடினால் கல்லீரல் பழுதாகும். கேக்கில் மணத்துக்குச் சேர்க்கும் ஜாதிக்காயும் வேண்டாம்.

உப்பைப் பற்றி அளவோடு பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய பயமும் அலட்சியமும் இரண்டுமே மிகை. நாய்க்கு நச்சுக் குறி தெரிய, கிலோ எடைக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு உள்ளே போக வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு நாயைக் கொன்றுவிடாது. ஆனால் தேவையான உப்பு அதன் அன்றாடச் சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது. இதயமோ சிறுநீரகமோ தளர்ந்த நாய்க்கு மேற்கொண்டு சேரும் உப்பு சுமை. கடற்கரை ஊரில் கருவாட்டைப் பொடித்து மாவில் சேர்க்கத் தோன்றும். கழுவி ஊறவைத்தாலும் அதில் உப்பு மிஞ்சும். நாய்ப் பண்டத்துக்குக் கருவாடு ஏற்றதல்ல, பச்சை மீனே போதும். சர்க்கரை, வெல்லம், சமையல் சோடா எதுவும் தேவையில்லை. பண்டம் உப்பி வரவேண்டிய அவசியமே இல்லை. தட்டையாக இருந்தால்தான் நன்றாகக் காயும்.

அடுப்பு தீர்க்காத குறைகள்

நெருப்பில் சுட்டால் எல்லாக் கெடுதலும் போய்விடும் என்ற நம்பிக்கை நமக்கு ஆழமானது. கிருமிகளைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. பச்சை முட்டையிலும் பச்சைக் கோழியிலும் இருக்கும் சால்மொனெல்லாவை ஓவனின் சூடு அழிக்கும். சில கடல் மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அதுவும் செயலிழக்கும். ஆனால் கிருமி விட்டுச்சென்ற நச்சுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஈரமான இடத்தில் வைத்த நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. பூஞ்சணம் வெந்து செத்தாலும் நச்சின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நாயுணவில் இந்த நச்சு இருந்ததால் அதைத் திரும்பப் பெற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக மறு மாதமே அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் வந்திருந்தது. ஆகவே கடலை சேர்ப்பதானால் சொத்தை, கறுத்தது, சுருங்கியது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கித் தள்ளுங்கள். மனிதர் தின்னத் தயங்கும் கடலையை நாய்க்கு என்று ஒதுக்கும் வழக்கம் மிகத் தவறானது.

மீனுக்கும் இதே நியாயம்தான். வம்பாகீரப்பாளையத்துக் கரையிலோ பெரிய மார்க்கெட்டிலோ காலையில் வாங்கிய மத்தியையும் கானாங்கெளுத்தியையும் பனிக்கட்டி இல்லாமல் மதியம்வரை வைத்தால் சதையில் ஹிஸ்டமின் கூடுகிறது. அதைப் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் குறைக்க முடியாது. நாய்ப் பண்டத்துக்கு என்று கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் கெட்ட மீனை வாங்காமல், நல்ல மீனில் கொஞ்சமாக வாங்குவதே சரி. மாவிலும் தேர்வு இருக்கிறது. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சில நாளிலேயே காறல் வாடையும் கசப்பும் கொள்ளும். கேழ்வரகில் கொழுப்பு குறைவு, அதனால் மாவு நெடுநாள் நிற்கும். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. அந்தச் சத்து முழுவதும் உடம்பில் சேராது என்பதால் அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கெடாமல் நிற்கிறது என்பதே இந்த ஊரில் கேழ்வரகைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

ஈரம் என்ற எதிரி

நாய் பிஸ்கட் பிறந்த கதையே துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், லிவர்பூல் துறையில் மாலுமிகள் எறிந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்பதைக் கண்டு, 1860 வாக்கில் லண்டனில் கோதுமையும் காய்களும் இறைச்சியும் சேர்ந்த நாய்க் கேக்கை விற்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். கப்பல் பிஸ்கட் மாதக்கணக்கில் கடலில் நின்றதற்குக் காரணம் அதில் உப்போ மருந்தோ சேர்த்தது அல்ல. மாவும் தண்ணீரும் பிசைந்து, எலும்பு போல் இறுகும்வரை ஈரத்தை வெளியேற்றினார்கள். உணவு அறிவியல் இதை நீர்ச் செயல்பாடு என்ற அளவால் விளக்குகிறது. முழு ஈரத்துக்கு ஒன்று என்று வைத்தால், நோய் தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் 0.85க்குக் கீழ் வளர்வதில்லை, 0.6க்குக் கீழே பூஞ்சணமும் வளராது. நன்றாகக் காய்ந்த பிஸ்கட் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். நடுவில் மெத்தென்று விட்ட பிஸ்கட் இருக்காது.

சுடும்போது காய்ந்தது பிறகும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எந்த உலர்ந்த பண்டமும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தன்னை ஈடுகட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமானால், திறந்து வைத்த பிஸ்கட்டின் நீர்ச் செயல்பாடும் மெல்ல 0.75ஐ நோக்கி ஏறும். அது பூஞ்சணம் பிடிக்கப் போதுமானது. புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் அந்த அளவில் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் கூடுகிறது. வேலூரிலோ மதுரையிலோ தட்டில் கிடந்து இரண்டு நாள் தாங்கும் பண்டம் உப்பளத்தில் அன்று மாலையே நமுத்துப்போவது இதனால்தான். நமுத்தால் மொறுமொறுப்பு போய்விட்டது என்று மட்டும் நினைக்கக் கூடாது. பூஞ்சணம் வளரும் வாசல் திறந்துவிட்டது என்று பொருள். வெளியூர்ச் செய்முறையை அப்படியே எடுத்து இங்கே சுட்டால் பலிக்காததும் இதனால்தான். அவற்றில் ‘மென்மையான பண்டம், இரண்டு வாரம் வெளியில் வைக்கலாம்’ என்று எழுதியிருந்தால், அந்த வரி இந்த ஊருக்கு எழுதப்பட்டதல்ல.

கேழ்வரகு பரங்கிக்காய் பிஸ்கட்

அடிப்படைச் செய்முறை இது. கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் வடித்து மசித்த பரங்கிக்காய் 80 கிராம், ஓடு நீக்கினால் 50 கிராம் வரும் ஒரு முட்டை, தேவைக்குச் சுமார் 20 மில்லி தண்ணீர். கேழ்வரகு மட்டும் என்றால் மாவு ஒட்டாமல் உடையும், அதனால்தான் கோதுமை. பரங்கிக்காயை ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் அந்தத் தண்ணீரையும் பிறகு வெளியேற்ற வேண்டியிருக்கும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, கால் மணி நேரம் மூடிவைத்து, நான்கு ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். எங்கும் ஒரே கனமாக இருப்பது முக்கியம். ஒரு பக்கம் தடித்தால் அங்கேதான் ஈரம் தங்கும். சுமார் எழுபது சிறு சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் இரண்டு முறை குத்துங்கள். நீராவி வெளியேற அந்தத் துளை உதவும்.

ஓவனைப் பத்து நிமிடம் முன்பே 160 டிகிரிக்குச் சூடாக்கி, 25 நிமிடம் சுட்டு, திருப்பிப் போட்டு, சூட்டை 100 முதல் 110 டிகிரிக்கு இறக்கி, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். முதல் கட்டம் வேகவைக்கிறது, இரண்டாவது கட்டம் காயவைக்கிறது. அவசரப்பட்டு முழு நேரமும் அதிகச் சூட்டில் வைத்தால் வெளிப்புறம் கருகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். பிறகு ஓவனை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்து நீராவியை விட்டு, மறுபடி மூடி, உள்ளேயே ஆறவிடுங்கள். மேசையில் ஆறவிட்டால் இந்த ஊர்க் காற்று உடனே தன் வேலையைத் தொடங்கிவிடும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையும் கண்ணும் சொல்வதைவிடத் தராசு துல்லியமாகச் சொல்லும். மேலே சொன்ன அளவுகளில் தண்ணீரைத் தவிர்த்த திடப்பொருள் ஏறத்தாழ 195 கிராம். பிசைந்த மாவு 350 கிராம் இருந்திருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஆறியபின் ஒன்றாக நிறுத்தால் 210 கிராம் அல்லது அதற்குக் கீழே வரவேண்டும். அப்போது உள்ளே எஞ்சியிருப்பது ஏழு சதவீத ஈரம்தான். மாவு பிசையும்போது தண்ணீர் கொஞ்சம் கூடிப்போயிருந்தாலும் இறுதி எடை மாறாது, காயும் நேரம்தான் நீளும். 225 கிராம் என்று காட்டினால் மறுபடி 100 டிகிரியில் இருபது நிமிடம் வையுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: வளையாமல் சட்டென்று முறிய வேண்டும், நடுவில் கறுத்த ஈரக் கோடு தெரியக் கூடாது. சமையலறைத் தராசு இந்த வேலைக்கு ஓவனைவிட முக்கியமான கருவி.

நாய்க்கு வாசனை வேண்டும் என்றால் மீன் பிஸ்கட் செய்யலாம். முட்டைக்கும் பரங்கிக்காய்க்கும் பதிலாக, உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்திச் சதை 100 கிராம், பச்சரிசி மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், மீன் வெந்த தண்ணீர் 40 மில்லி. முள்ளை விரல்களால் தேய்த்துத் தேடி எடுங்கள். வெந்த முள் நாயின் தொண்டையிலும் குடலிலும் குத்தும். சுடும் முறை அதேதான். மீனில் கொழுப்பு இருப்பதால் நன்றாகக் காய்ந்தாலும் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். குளிர்பெட்டியில் ஐந்து நாள், உறைபெட்டியில் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில் அடிகனமான குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, உள்ளே தட்டு வைத்துச் சுடலாம். கனமான தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் இரு புறமும் வாட்டலாம். இரண்டிலும் வேகவைப்பது எளிது, காயவைப்பது கடினம். சித்திரை வைகாசி வெயிலில், வடகம் போடுவது போல் மெல்லிய துணி மூடி மொட்டைமாடியில் உச்சி வேளையில் மட்டும் காயவைத்து, வெயில் தாழும் முன் எடுத்துவிட்டால் எடை இறங்கும். மழைக்காலத்தில் அந்த வழி இல்லை. அப்போது காயாத பண்டத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

எடுத்து வைப்பது

ஒரு வாரத்துக்கு மேல் வருமளவு சுடாதீர்கள். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடிப் புட்டியோ எடுத்து, அதில் பாதிக்கு மேல் காற்று நிற்காத அளவில் நிரப்புங்கள். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து உள்ளே போட்டால் டப்பாவைத் திறக்கும்போது புகும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். வாரம் ஒரு முறை மறுபடி வறுத்துக்கொள்ளலாம். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தைப் போட்டால் நாய் அதையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். உறைபெட்டியில் வைப்பதானால் சிறு சிறு பைகளில் பிரித்து வையுங்கள். பெரிய பையைத் திறந்து குளிர்ந்த பிஸ்கட்டை வெளியில் எடுத்தால் காற்றின் ஈரம் அதன் மேல் முத்துமுத்தாகப் படியும். உறைபெட்டியை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நகரின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் டப்பாவில் நன்றாகக் காய்ந்து கிடக்கும் கேழ்வரகு பிஸ்கட் தாங்கும், உருகிய மீன் பிஸ்கட் தாங்காது. ஒரே ஒரு துண்டில் பூஞ்சணம் கண்டாலும் டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் மற்றவற்றிலும் ஓடியிருக்கும்.

கேட்கப்படும் கேள்விகளும் பதிலும்

நாய் இறைச்சி தின்னும் விலங்கு, அதற்குத் தானியம் எதற்கு என்று ஒரு வாதம் இப்போது பரவலாக இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனும் அவர் குழுவினரும் 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதரோடு சேர்ந்து தானியம் தின்ன நாய் உடலாலேயே பழகியிருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களைக் கூழும் சோறும் ஊற்றி வளர்த்த தெற்கத்திக் கிராமங்களுக்கு இது ஆச்சரியமான செய்தியல்ல. தானியத்தை நீக்கிப் பட்டாணியும் பருப்பும் நிரப்பிய நாயுணவுகளுக்கும் இதயத் தசை தளரும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் ‘தானியமற்றது’ என்ற சொல்லே பாதுகாப்புக்கு முத்திரை அல்ல என்பதற்கு அந்த விசாரணை போதும். கோதுமைக்கு ஒவ்வாமை இருப்பது மருத்துவர் சோதித்து உறுதியான நாய்க்கு மட்டும் அதை நீக்கி, அரிசி மாவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்பும் இனிப்பும் இல்லாததை நாய் தின்னுமா என்பது அடுத்த கேள்வி. மனிதரின் நாவில் சுவைமொட்டுகள் சுமார் 9,000; நாய்க்கு 1,700 அளவில்தான். பண்டத்தை நாய் பெரும்பாலும் மூக்கால்தான் தேர்ந்தெடுக்கிறது. மீன் வெந்த தண்ணீரின் வாசனை அதற்கு நம் உப்பைவிடப் பெரிது. சர்க்கரை பிஸ்கட்டுக்குப் பழகிய நாய் முதல் சில நாள் முகம் திருப்பலாம். அப்போது மீன் பிஸ்கட்டில் தொடங்கி, பிறகு கேழ்வரகுக்கு மாற்றுங்கள். பல் விழுந்த கிழ நாய் இவ்வளவு கடினமானதைக் கடிக்குமா என்று கவலைப்படுகிறவர்கள், கொடுக்கும் கணத்தில் வெந்நீரில் நனைத்துக் கொடுக்கலாம். காய்ந்திருக்க வேண்டியது டப்பாவில் இருக்கும்போதுதான். வாய்க்குப் போகும்போது ஊறியிருப்பதில் தவறில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்குக் கடையில் வாங்கிவிடலாமே என்ற எதிர்வாதம் எல்லாவற்றிலும் வலுவானது. ஆலையில் ஈரத்தை அளந்து, காற்றுப் புகாத உறையில் அடைக்கிறார்கள். அந்த ஒழுங்கு பல வீடுகளில் இல்லை. அதே சமயம், ஆலையிலும் தவறு நேர்கிறது. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்ததால் வட அமெரிக்காவில் ஒரே நிறுவனம் ஆறு கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு முதல் உலர்த்திய கோழிக்கறிப் பண்டங்களைப் பற்றி அமெரிக்க அரசுக்கு வந்த புகார்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகக் கூறப்பட்டது. பல ஆண்டு ஆராய்ந்தும் ஒரே காரணம் என்று எதையும் கண்டறிய முடியவில்லை. கடைப் பண்டத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை உறையை நம்பித்தான் அறிய முடியும். வீட்டுப் பண்டத்தில் அதை நாமே அறிவோம். ஆனால் அந்த ஆதாயம், நிறுத்து அளந்து காயவைக்கிற வீட்டுக்கே உரியது. தராசு எடுக்கவும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கவும் முடியாதவர், பொருட்பட்டியல் தெளிவாக அச்சிட்ட சிறு உறையை வாங்கி, திறந்தபின் இறுக மூடிவைப்பதே நாய்க்கு நல்லது. அரைகுறையாகச் சுட்ட வீட்டுப் பண்டம் இரண்டிலும் மோசம்.

எங்கள் வீட்டு நாய் எல்லாம் தின்றது, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்களுக்கும் பதில் உண்டு. நச்சு அளவைப் பொறுத்தது. ஒரு முறை தப்பியது மறுமுறைக்கு உறுதிமொழி ஆகாது. மேலும், கெடுதல் பெரும்பாலும் திடீர் மரணமாக வருவதில்லை. ஆண்டுகள் கழித்துப் பருமனாகவும் மூட்டு வலியாகவும் கணைய அழற்சியாகவும் வருகிறது. அப்போது பிஸ்கட்டை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய், சிறுநீரக நோய், கணைய நோய் உள்ள நாய்க்கு இந்த அத்தியாயத்தின் எந்தச் செய்முறையையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. புதுச்சேரிக்காரருக்குக் குரும்பாப்பேட்டையிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் கேட்கத் தகுந்த இடம்.

தெருநாய்க்கும் இந்தப் பண்டத்தைக் கொடுக்கலாம். சர்க்கரை பிஸ்கட்டைவிட அதற்கும் இது நல்லதே. கொடுக்கும் இடத்தில் மட்டும் பொறுப்பு வேண்டும். தெருநாய்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் உத்தரவிட்டிருக்கிறது. பள்ளி வாசலிலும் விளையாட்டரங்க வழியிலும் போட்டு நாய்களைக் கூட்டினால், அதற்கான விலையை அந்த நாய்களே கொடுக்க நேரும்.

முதல் தடவை சுடுகிறவர்கள் பாதி அளவில், கேழ்வரகு பிஸ்கட்டை மட்டும் செய்து பாருங்கள். 105 கிராமுக்கு எடை இறங்கியதும் இரண்டு துண்டுகளைத் தட்டில் திறந்தும், மற்றவற்றை டப்பாவில் மூடியும் வைத்து மறுநாள் இரண்டையும் உடைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, உங்கள் டப்பா எவ்வளவு நம்பத் தக்கது என்பது இரண்டும் அந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும். மூடிவைத்தது சட்டென்று முறிந்தால் நாய்க்குக் கொடுக்கத் தொடங்கலாம். வளைந்தால் முதலில் டப்பாவை மாற்றுங்கள்.